கணிப்பொறியின் உழைப்பை அளப்பது எப்படி?

நெல்லை மரக்காலாலும், எண்ணெயைப் படியாலும், துணியைக் கெஜக்கோலாலும் அளந்து பழகிய மரபு நம்முடையது. இவை யாவும் கண்முன் கிடக்கும் பொருள்கள். குவித்து வைத்தால் குவியலாக நிற்கும். ஒருமுறை அளந்துவிட்டால் அளவு தெரிந்துவிடும். ஆனால் உழைப்பு என்பது அத்தகைய பொருள் அன்று. அது காலத்தில் நிகழ்வது, நிகழும்போதே மறைவது. அதனை அளக்கப் புகுபவன் காலத்தையும் உடன் அளந்தாக வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாள்தோறும் கையாளும் கணிப்பொறியில், 'மையச் செயலகத்தின் பயன்பாடு 40 விழுக்காடு' என்பது போன்ற ஒரு குறிப்பைக் கண்டிருப்பீர்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர், லினக்ஸில் டாப் ஆகிய கருவிகள் இவ்வெண்ணைக் காட்டுகின்றன. இந்த எண் எங்கிருந்து வருகிறது? இதனைக் கணக்கிட்டுத் தருவது எது? ஒரே நிரலை எழுதி, இம்மூன்று வகைக் கணிப்பொறிகளிலும் ஓட்ட விரும்பும் மாணவன், எங்கும் பிழையின்றி இவ்வெண்ணைப் பெறுவது எப்படி? இவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு நெசவுக் கூடத்தில் ஒரே ஒரு தறி இருப்பதாகக் கொள்வோம். 'இந்தக் கணத்தில் தறி ஓடுகிறதா?' என்று கேட்டால், 'ஓடுகிறது' அல்லது 'நிற்கிறது' என்பதே விடையாகும். 'நாற்பது விழுக்காடு ஓடுகிறது' என்று எவரும் சொல்லார். மையச் செயலகமும் அப்படியே. ஒரு கணத்தில் அது வேலை செய்கிறது, அல்லது சும்மா இருக்கிறது. ஆகவே ஒரு கணத்தைப் பற்றிய விழுக்காடு என்று ஒன்று கிடையாது. 'காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை தறி இருபத்துநான்கு நிமிடம் ஓடியது' என்று சொன்னால் மட்டுமே நாற்பது விழுக்காடு என்பதற்குப் பொருள் உண்டாகிறது. விழுக்காடு என்பது இரண்டு கணங்களுக்கு இடைப்பட்ட காலத்தின் செய்தி. இவ்வுரையின் சாரமே இதுதான்.

இந்தக் காலக் கணக்கை எழுதி வருவது கணிப்பொறியின் இயக்க அமைப்பு. அதிலும் குறிப்பாக அதன் கெர்னல் என்னும் உட்பகுதி. நம் வீட்டு மின்சார மீட்டரை நினைத்துப் பாருங்கள். அது இன்று செலவான மின்சாரத்தை மட்டும் தனித்துக் காட்டுவதில்லை. பொருத்திய நாள் முதல் செலவான அலகுகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. கணக்கெடுக்க வருபவர் இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை குறித்த எண்ணைக் கழிக்கிறார். கழித்து வந்ததற்கே நாம் பணம் கட்டுகிறோம். கெர்னலும் அவ்வாறே, கணிப்பொறி இயங்கத் தொடங்கிய நேரம் முதல், செயலகம் எவ்வளவு நேரம் எந்த வேலையில் இருந்தது என்பதைக் கூட்டிக்கொண்டே வருகிறது. இவற்றை எண்ணிகள் என்று அழைப்போம்.

1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். அதில் 'புரோக்' என்னும் கோப்புறையில் 'ஸ்டாட்' என்னும் கோப்பு ஒன்று உண்டு. உண்மையில் அது வட்டில் எழுதி வைத்த கோப்பு அன்று. நாம் படிக்கும்போது கெர்னல் அவ்வப்போது எழுதித் தருவது. அதன் முதல் வரியில் எண்கள் வரிசையாக நிற்கும். முதல் எண், நாம் ஓட்டும் சாதாரண நிரல்களுக்குச் செலவான நேரம். இரண்டாவது, முன்னுரிமை குறைத்து ஓட்டப்பட்ட நிரல்களுக்கான நேரம். இதற்கு 'நைஸ்' என்று பெயர். மூன்றாவது, கெர்னலே தன் பணிக்காகச் செலவிட்ட நேரம். நான்காவது, ஓய்வு நேரம். ஐந்தாவது, வட்டு முதலியவற்றின் வருகைக்காகக் காத்திருந்தபோது கழிந்த ஓய்வு. அதன் பின்னும் சில எண்கள் உண்டு. பெரும்பாலான கணிப்பொறிகளில் இவற்றின் அலகு நொடியில் நூறில் ஒரு பங்கு.

இப்போது ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு கோர்கள், அதாவது சேர்ந்து உழைக்கும் நான்கு செயலகக் கூறுகள், உள்ள ஒரு கணிப்பொறி. முதல் முறை படித்தபோது வேலை நேரம் 52,000 அலகு, ஓய்வு நேரம் 3,48,000 அலகு, மொத்தம் 4,00,000. சரியாக ஒரு நொடி கழித்து மீண்டும் படிக்கிறோம். வேலை நேரம் 52,300, ஓய்வு நேரம் 3,48,100, மொத்தம் 4,00,400. இரண்டையும் கழித்தால், இடைப்பட்ட நொடியில் மொத்தம் 400 அலகு. ஒரு நொடிக்கு ஒரு கோருக்கு நூறு வீதம் நான்கு கோர்களுக்கு நானூறு, கணக்கு ஒத்துப்போகிறது. அதில் வேலை 300. ஆகவே பயன்பாடு 75 விழுக்காடு.

அவசரக்காரன் ஒருவன் முதல் முறை படித்ததையே வகுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 52,000-ஐ 4,00,000 ஆல் வகுத்தால் 13 விழுக்காடு. இந்தப் பதின்மூன்று பொய்யான எண் அன்று. கணிப்பொறி இயங்கத் தொடங்கிய 1,000 நொடிகளுக்கும், அதாவது 16 நிமிடம் 40 நொடிக்கும், அது சரியான சராசரியே. ஆனால் 'இப்போது எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. இயந்திரம் முக்கால் பங்கு பளுவைச் சுமந்து நிற்கிறது. அவனோ அது இளைப்பாறுகிறது என்று எண்ணிக்கொள்கிறான். நாள் செல்லச் செல்ல இந்தப் பிழை பெருகும். பல நாள் ஓடிய இயந்திரத்தில், கடைசி ஒரு மணி நேரத்துக் கடும் உழைப்பும் அந்தச் சராசரியை அசைக்க மாட்டாது.

இனி, பல தளங்களில் ஓடும் நிரல்களைப் பற்றிப் பார்ப்போம். ஒவ்வோர் இயக்க அமைப்புக்கும் தனித்தனியே நிரல் எழுதுவது பெரும் சுமை. அந்தச் சுமையைக் குறைக்க எழுந்தவையே பல்தள மென்பொருள் சட்டகங்கள். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று 'கியூட்' என்பது. நார்வே நாட்டினரான ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகிய இருவர் இதனை உருவாக்கினர். 1995-ஆம் ஆண்டில் இது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒருமுறை எழுதிய நிரலை, ஒவ்வொரு தளத்திலும் அதற்கேற்பத் தொகுத்து ஓட்டலாம். சாளரம் திறப்பது, பொத்தான் வைப்பது, கோப்பைப் படிப்பது, நேரம் குறிப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான வழி உண்டு. கணிப்பொறியில் எத்தனை இழைகளை ஒருங்கே ஓட்டுவது தகும் என்று கேட்டாலும் 'கியூத்ரெட்' என்னும் வகுப்பு சொல்லிவிடும். ஆனால், 'முழுக் கணிப்பொறியின் செயலகம் எவ்வளவு விழுக்காடு உழைக்கிறது?' என்று கேட்டால், அதன் அடிப்படைத் தொகுதிகளில் விடை சொல்லும் வகுப்பு கிடையாது. ஒவ்வொரு தளத்தின் கணக்கையும் நாமே போய்க் கேட்டு வர வேண்டும்.

இதனைப் பெருங்குறை என்று சொல்வார் உண்டு. அவசரப்பட்டு அவ்வாறு தீர்ப்பளிக்குமுன், மூன்று தளங்களும் கணக்கு எழுதும் முறையைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

லினக்ஸ் முறையை மேலே கண்டோம். விண்டோஸில் 'கெட் சிஸ்டம் டைம்ஸ்' என்னும் அழைப்பு மூன்று எண்களைத் தருகிறது: ஓய்வு நேரம், கெர்னல் நேரம், பயனர் நேரம். அலகு, நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பார்ப்பதற்கு மிக எளிது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் தரும் கெர்னல் நேரத்துக்குள்ளேயே ஓய்வு நேரமும் அடங்கியிருக்கிறது. லினக்ஸில் இவை இரண்டும் தனித்தனி. இதனை அறியாமல், லினக்ஸுக்கு எழுதிய வாய்பாட்டையே விண்டோஸுக்கும் பயன்படுத்தினால் விளைவு என்ன?

நான்கு கோர்கள் உள்ள கணிப்பொறி ஒரு நொடி முழுதும் சும்மா இருந்தது என்று கொள்வோம். ஓய்வு நேரம் 4 நொடி. கெர்னல் நேரமும், ஓய்வு அதில் அடங்கியதால், 4 நொடி. பயனர் நேரம் சுழி. மூன்றையும் கூட்டினால் 8. அதில் வேலை 4 என்று தோன்றும். பயன்பாடு 50 விழுக்காடு என்று திரை அறிவிக்கும். ஒரு துரும்பையும் அசைக்காத இயந்திரம் பாதி உழைப்பில் இருப்பதாகக் காட்டப்படுகிறது! சரியான முறை இது: கெர்னல் நேரத்தையும் பயனர் நேரத்தையும் மட்டும் கூட்டினால் மொத்தம், அதிலிருந்து ஓய்வைக் கழித்தால் வேலை. அப்போது மொத்தம் 4, வேலை சுழி. உண்மை வெளிப்படுகிறது.

மேக் கணிப்பொறியின் கெர்னல் வேறொரு மரபைச் சேர்ந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான 'மாக்' என்னும் கெர்னலின் வழி வந்தது அது. 'ஹோஸ்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்னும் அழைப்பின் மூலம் பயனர், கெர்னல், ஓய்வு, நைஸ் என நான்கு எண்களைத் தருகிறது. இங்கே காத்திருப்பு நேரம் என்ற தனிப் பகுப்பு இல்லை. இந்த எண்ணிகள் 32 பிட் அகலமே உடையவை. ஏறத்தாழ 429 கோடியை எட்டியதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். பழைய மோட்டார் வண்டியில் தூரம் காட்டும் எண்கள் முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் சுழிக்கு வருவதுபோல. அந்த வேளையில் கவனமின்றிக் கழித்தால் பொருளற்ற விடை வரும்.

ஆக, மூன்று தளங்களும் 'கெர்னல் நேரம்', 'ஓய்வு நேரம்' என்ற ஒரே சொற்களை வழங்கினாலும், அச்சொற்கள் சுட்டும் பொருள் ஒன்று அன்று. ஒரே பெயருள்ள மரக்கால் ஊருக்கு ஊர் அளவில் வேறுபட்டிருந்த காலத்தை இங்கே நினைக்கலாம். பெயர் ஒன்றாயிருப்பதை நம்பி வாங்கியவன் ஏமாந்தான். மரக்காலைத் திருப்பிப் பார்த்து வாங்கியவன் பிழைத்தான்.

வேறு சில சட்டகங்கள் இந்தப் பணியைத் தாமே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஜாவாவில் 2011-ஆம் ஆண்டு வெளியான ஏழாம் பதிப்பு முதல், முழு அமைப்பின் உழைப்பைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட பின்னமாகத் தரும் வழி இருக்கிறது. அளவு கிடைக்காதபோது அது எதிர்மறை எண்ணைத் திருப்பித் தருகிறது. எதிர்மறை உழைப்பு என்று ஒன்று இல்லையாதலால், 'தெரியவில்லை' என்பதை அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. நோட் ஜேஎஸ் என்னும் தளம் விழுக்காட்டைத் தருவதில்லை. ஒவ்வொரு கோருக்கும் உரிய நேரங்களை மட்டும் தந்து, கழித்தலை நம்மிடம் விட்டுவிடுகிறது. அதில் 'லோட் ஆவரேஜ்' என்னும் வேறோர் அளவும் உண்டு. அது விழுக்காடு அன்று. வேலைக்காக வரிசையில் நிற்கும் பணிகளின் சராசரி எண்ணிக்கை போன்றது. யுனிக்ஸ் மரபுக்கு உரியது. விண்டோஸில் அதைக் கேட்டால் எப்போதும் சுழியே கிடைக்கும். அந்தச் சுழிக்குப் 'பளு இல்லை' என்பது பொருள் அன்று. 'அப்படி ஓர் அளவு இங்கு இல்லை' என்பதே பொருள். தேர்வு எழுதிச் சுழி வாங்கிய மாணவனையும், தேர்வுக்கே வராத மாணவனையும் மதிப்பெண் பதிவேட்டில் ஒன்றாகக் குறிக்கலாமா? வராதவனுக்கு வேறு குறி இடுவதே முறை.

இனிச் செய்முறைக்கு வருவோம். கியூட் சட்டகத்தில் இவ்வேலையைச் செய்ய விரும்பும் மாணவன், தளத்துக்குத் தளம் மாறும் பகுதியை ஒரு சிறு அறையில் அடைத்துவிட வேண்டும். அந்த அறையின் கடமை ஒன்றே: 'வேலை நேரம் இவ்வளவு, மொத்த நேரம் இவ்வளவு' என்று இரண்டு எண்களை மட்டும் தருவது. விண்டோஸில் கெர்னல் நேரத்திலிருந்து ஓய்வைப் பிரிப்பதும், லினக்ஸில் காத்திருப்பை ஓய்வோடு சேர்ப்பதும் அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். அறைக்கு வெளியே எல்லாத் தளங்களுக்கும் ஒரே கணக்கு: பழைய எண்களைக் கழி, வேலையை மொத்தத்தால் வகு. நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும் மணிபோல, 'கியூடைமர்' என்னும் வகுப்பைக் கொண்டு இதனை நடத்தலாம். முதல் முறை மணி அடிக்கும்போது கழிப்பதற்குப் பழைய எண் இல்லை. ஆகவே எதையும் காட்டாமல் குறித்து மட்டும் வைக்க வேண்டும். மொத்த நேரத்தின் வேறுபாடு சுழியாக இருந்தால் வகுக்கலாகாது.

லினக்ஸில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. புரோக் கோப்புறையிலுள்ள இத்தகைய கோப்புகள் தம் அளவைச் சுழி என்றே அறிவிக்கும். கெர்னல் கேட்கும்போது எழுதித் தருவதால் முன்கூட்டி அளவு தெரியாது. 'கோப்பு முடிந்துவிட்டதா?' என்று கேட்டுப் படிக்கும் நிரல், தொடங்கும் முன்பே 'முடிந்தது' என்ற விடையைப் பெற்று வெறுங்கையுடன் திரும்பும். வரி கிடைக்கும்வரை நேரே படிப்பதே வழி.

மணி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்? நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாக உடைய எண்ணியை, நூறில் ஒரு நொடி இடைவெளியில் படித்தால், ஒரு கோருக்குச் சுழி அல்லது நூறு விழுக்காடு மட்டுமே கிடைக்கும். அங்குலமே சிறு அலகாக உள்ள கோலால் ஊசியின் தடிமனை அளப்பது போன்றது அது. பைத்தான் மொழியில் வழங்கும் பிஎஸ்யூடில் என்னும் நூலகம், இரண்டு அளவுகளுக்கு இடையே குறைந்தது 0.1 நொடியாவது விடுமாறு அறிவுறுத்துகிறது. மாறாக, ஐந்து நிமிட இடைவெளி விட்டால், இடையே பத்து நொடி மூச்சுத் திணறியது தெரியாமலே போய்விடும். மனிதக் கண் பார்ப்பதற்கு ஒரு நொடி பொருத்தமானது. எதுவாயினும், விழுக்காட்டோடு இடைவெளியையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

அடுத்து, விழுக்காட்டின் அடியில் நிற்கும் முழுமை எது என்பதும் கவனிக்கத்தக்கது. நான்கு கோர்களில் ஒன்றை மட்டும் ஒரு நிரல் முழுதும் பிடித்துக்கொண்டது என்போம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் அந்த நிரலுக்கு 25 விழுக்காடு என்று காட்டும். நான்கு கோர்களையும் சேர்த்து நூறு என்பது அதன் கணக்கு. லினக்ஸின் டாப் வழக்கமாக 100 விழுக்காடு என்று காட்டும். ஒரு கோரை நூறு என்பது அதன் கணக்கு. அங்கே நான்கு கோர்களையும் பிடித்த நிரல் 400 விழுக்காடு என்று நிற்கும். இரண்டும் உண்மையே. 25 என்பதைக் கண்டு 'இன்னும் முக்கால் பங்கு மிச்சம்' என்று மகிழ்பவன், அந்த நிரல் தன்னால் இயன்ற எல்லையைத் தொட்டுவிட்டது என்பதைக் காணத் தவறுகிறான். மேலும், இக்காலச் செயலகங்கள் வேலைக்கேற்பத் தம் வேகத்தையே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. மெதுவாக நடக்கும்போது பாதி நேரம் நடந்ததும், ஓடும்போது பாதி நேரம் ஓடியதும் ஒரே தூரம் ஆகா.

'ஓர் எண் சற்று முன்பின் இருந்தால் என்ன கேடு?' என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேடு உண்டு. ஒரு கல்லூரி, தேர்வு முடிவுகளை வெளியிடும் கணிப்பொறியைக் கண்காணிக்க ஒரு மாணவனிடம் நிரல் எழுதித் தரச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரே முறை படித்து வகுத்தால், பளு ஏறி நிற்கும் நாளிலும் திரை பதின்மூன்று என்றே சொல்லும். எவரும் கவலைப்பட மாட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையில் இயந்திரம் திணறி நிற்கும். அவன் விண்டோஸின் நுட்பத்தை அறியாது எழுதினால், சும்மா இருக்கும் இயந்திரம் பாதி உழைப்பில் இருப்பதாகத் தோன்றும்; போதவில்லை என்று கருதிப் பொதுப்பணத்தில் புது இயந்திரம் வாங்கப்படும். முன்னது காத்திருந்த பிள்ளைகளுக்குத் துன்பம். பின்னது பணம் கொடுத்தவர்களுக்கு இழப்பு. இரண்டு இடத்திலும் நிரல் தடையின்றி ஓடியிருக்கும்; பிழைச் செய்தி ஒன்றும் வந்திராது. எல்லாத் தளங்களிலும் ஓடுகிறது என்பது வேறு, எல்லாத் தளங்களிலும் உண்மை சொல்கிறது என்பது வேறு. சட்டகம் நமக்கு முன்னதைத் தரும். பின்னதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நிரலை எழுதி முடித்ததும், ஒவ்வொரு தளத்திலும் கணிப்பொறியைச் சும்மா விட்டுப் பாருங்கள். எண் சுழிக்கு அருகே நிற்க வேண்டும். பிறகு, ஒரு கோரை மட்டும் முழுதும் பிடிக்கும் சிறு நிரலை ஓட்டுங்கள். நான்கு கோர் இயந்திரத்தில் ஏறத்தாழ 25 வர வேண்டும். நான்கு படிகளை ஒருங்கே ஓட்டுங்கள்; நூறை நெருங்க வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த மூன்று கேள்விகள் இவை. இவற்றுக்குச் சரியாக விடை சொல்லாத அளவுகோல், தெரியாத கேள்விக்குச் சொல்லும் விடையை நம்புவதற்கில்லை.

ஆகவே, இனி ஏதேனும் ஒரு விழுக்காட்டைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எந்த இரண்டு கணங்களுக்கு இடையே? எதனை முழுமை என்று கொண்டு? எதனை வேலை என்று எண்ணி? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் அந்த எண் உங்களுக்கு உதவும். கிடைக்கவில்லையெனில், எத்தனை அழகாகத் திரையில் மின்னினாலும் அதன்மீது எந்த முடிவையும் கட்டாதீர்கள்.